பழைய டிராக்டரில் புகை லீக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஓடுவது 35 எச்.பி., மூன்று சிலிண்டர் வண்டி. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் பாகம்) கிடையாது, சென்சார் கிடையாது, சைலன்சர் பானெட்டுக்கு மேலே நட்டுக்குத்தலாக நிற்கும். மாசி 1035, ஃபோர்டு 3600, மஹிந்திரா பி-275 என்று நம் ஊர்களில் இன்னும் உழுதுகொண்டிருக்கும் பழைய வண்டிகளெல்லாம் புகை வெளியேறும் விஷயத்தில் ஏறத்தாழ ஒரே சாதிதான். கீழே உள்ளவை அக்கம்பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டவை. பாதி, நானே ஒரு காலத்தில் மெக்கானிக்கிடம் கேட்டவை.

சத்தம் திடீரென்று மாறிவிட்டது. புகை லீக்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல வண்டியின் சத்தம் சைலன்சர் வாயிலிருந்து, தலைக்கு மேலே இருந்து வரும். லீக் இருந்தால் சத்தம் பானெட்டுக்குள்ளிருந்து வரும். “டிக்... டிக்...” என்றோ “புஸ் புஸ்” என்றோ ஒரு துடிப்பு கேட்கும், ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் துடிப்பும் வேகமாகும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சத்தம் பெரிதாக இருந்து, பத்து நிமிடம் ஓடியபின் குறைந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், மேனிபோல்டு ஜாயிண்ட்தான் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்தான் மேனிபோல்டு). இரும்பு சூடேறி விரிந்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்கிறது. “சூடானா சரியாயிடுதுங்க” என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் நான்.

சரி, எந்த இடத்தில் லீக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கண்ணால் பாருங்கள். ஜாயிண்ட் ஓரத்தில் விசிறி மாதிரி கரி படிந்திருக்கும். விசிறியின் கைப்பிடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. மேனிபோல்டு சிலிண்டர் ஹெட்டில் (இன்ஜினின் மேல்பகுதி) சேரும் இடம், சைலன்சர் குழாய் மேனிபோல்டில் உட்காரும் ஃபிளாஞ்ச் (போல்ட் மாட்டும் தட்டை விளிம்பு), சைலன்சரின் வெல்டிங் மடிப்பு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கரி தெரியவில்லை என்றால் ஊதுபத்தி. குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஐடிலில் விட்டு, பத்தியை ஜாயிண்ட் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். லீக் உள்ள இடத்தில் பத்திப் புகை வெட்டி வெட்டி விலகும். ஒரு தொல்லை: ரேடியேட்டர் ஃபேன் காற்று எல்லா இடத்திலும் புகையைக் கலைத்துவிடும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள், இன்ஜின் சூடேறிவிடும். டீசல் கசிந்து ஈரமாக இருக்கும் வண்டியில் பத்தியோடு போகவே வேண்டாம்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் இன்ஜினை ஆஃப் செய்து, சைலன்சர் வாயில் பஞ்சர் கடை ஏர் ஹோஸைத் துணி சுற்றிச் செருகிக் குறைந்த அழுத்தத்தில் காற்று விடுங்கள். ஜாயிண்ட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரை கட்டும் இடம் தெரியும். மயிரிழை விரிசலைக்கூட இது காட்டிக்கொடுத்துவிடும்.

டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) சத்தமும் இதே மாதிரிதானே இருக்கும்?

இருக்கும். இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) அடியில் இருக்கும் செம்பு வாஷர் போனாலும் இதே “சஃப் சஃப்” சத்தம் வரும். நான் ஒருமுறை மேனிபோல்டு பேக்கிங்கை (ஜாயிண்டின் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டை) மாற்றி முடித்து, சத்தம் அப்படியே இருந்ததைப் பார்த்துத் தலையில் கைவைத்தேன். கோளாறு இன்ஜெக்டர் அடியில்.

பிரித்தறிவது சுலபம். இன்ஜெக்டர் அடியில் தார் மாதிரி கறுப்பாகக் கெட்டியாகப் படிந்திருந்தால் அதுதான். சந்தேகம் என்றால் அடியைச் சுற்றிக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு ஐடிலில் ஓட்டுங்கள். குமிழி வந்தால் வாஷரை மாற்றுங்கள். டேப்பெட் சத்தத்தில் காற்றே இருக்காது. காய்ந்த உலோகச் சத்தம், டைப்ரைட்டர் அடிப்பது போல.

நடவு வேலை நடந்துகொண்டிருக்கிறது. சீசன் முடியும்வரை இப்படியே ஓட்டலாமா?

சைலன்சரின் மேல்பக்கம் சின்ன ஓட்டை என்றால் காதுக்குத்தான் கேடு, ஓட்டலாம். மேனிபோல்டில் லீக் என்றால் நான் ஓட்ட மாட்டேன்.

முதல் காரணம் தீ. டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும் வெப்பநிலை சுமார் 210 டிகிரி. முழுச் சுமையில் இழுக்கும்போது மேனிபோல்டுக்குள் ஓடும் புகை 400, 500 டிகிரியைத் தாண்டும். அந்தப் புகை பக்கத்தில் போகும் டீசல் டியூப் மேலேயோ வயர் கட்டின் மேலேயோ நேராக ஊதிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சேற்றுழவில்கூடப் பரவாயில்லை. அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றும் நேரத்தில், பானெட் இடுக்கில் காய்ந்த தாள் சேர்ந்திருக்கும் வண்டியில், இது விளையாட்டில்லை.

இரண்டாவது, மூச்சு. சைலன்சர் தலைக்கு மேலே நிற்பதற்கு அர்த்தம் இருக்கிறது. லீக் ஆகும் புகையை ஃபேன் காற்று நேராக ஓட்டுநர் முகத்துக்குத் தள்ளுகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதிசெய்து முதல் பிரிவில் சேர்த்தது. தகரக் கொட்டகைக்குள் நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டுச் சோதிப்பதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி வந்த பிறகுதான் தெரியும்.

காது விஷயம்: ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 85 டெசிபல்தான் வரம்பு, 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்லும் கணக்கு. கேபின் இல்லாத பழைய டிராக்டர் நல்ல சைலன்சரோடேயே அந்த வரம்பைத் தாண்டிவிடும். நாற்பது வயதில் “என்ன? என்ன?” என்று கேட்கும் டிரைவர்கள் நம் ஊரில் குறைவா?

புதுப் பேக்கிங் போட்டேன். ஒரே மாதத்தில் மறுபடியும் போய்விட்டது. டூப்ளிகேட் பேக்கிங்கா?

பத்தில் ஒன்பது முறை பேக்கிங்மேல் குற்றமில்லை. பேக்கிங் போவது விளைவு. காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதைப் பார்க்காமல் பேக்கிங்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் கடைக்காரர்தான் நன்றாக இருப்பார்.

இரும்பு சூட்டில் எவ்வளவு நீளுகிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்குச் சுமார் 11 மைக்ரான் நீளும். மேனிபோல்டு 40 சென்டிமீட்டர் நீளம், சூடு 400 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் அது கிட்டத்தட்ட 1.75 மில்லிமீட்டர் நீளுகிறது. அது ஒட்டியிருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுகிறது; அது 60 டிகிரிதான் ஏறும், கால் மில்லிதான் நீளும். ஆக ஒவ்வொரு முறை வண்டி சூடேறி ஆறும்போதும் மேனிபோல்டு பேக்கிங்மேல் ஒன்றரை மில்லி போய்த் திரும்புகிறது. மேனிபோல்டு ஓட்டைகள் ஸ்டட்டைவிட (ஹெட்டில் திருகி நிற்கும், நட்டு மாட்டும் மரைக்கம்பி) பெரிதாக இருப்பது இதற்காகத்தான். யாராவது அந்த இடைவெளியில் வாஷரைத் திணித்தோ, நட்டை வெறிகொண்டு இறுக்கியோ நகரவிடாமல் செய்துவிட்டால், ஒன்று ஸ்டட் ஒடியும், இல்லையென்றால் மேனிபோல்டு வளையும்.

அப்புறம் சைலன்சர். மேலே நிற்கும் குழாயின் எடையும் ஆட்டமும் கீழே ஒரு ஃபிளாஞ்சில் வந்து இறங்குகிறது. தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட் கழன்றுபோயிருக்கும், யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். டிரெய்லரோடு மேடுபள்ளத்தில் போகும்போது அந்தக் குழாய் நெம்புகோல் மாதிரி மேனிபோல்டை ஆட்டுகிறது. உங்கள் வண்டியில் சைலன்சரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், குளிர்ந்திருக்கும்போது. ஆடினால் காரணம் கிடைத்துவிட்டது.

நட்டு கழலவே மாட்டேன் என்கிறது.

இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான். மீதியெல்லாம் அரை மணி நேர வேலை.

அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள்; இங்கே ஸ்டட் ஒடியும். முந்தின நாள் மாலையிலேயே வயர் பிரஷ் போட்டு மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். அது இல்லையென்றால் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து விடலாம், மெதுவாக வேலை செய்யும். இரவும் காலையுமாக இரண்டு மூன்று முறை விட்டு, நட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அடிக்கக் கூடாது, கதவைத் தட்டுகிற மாதிரி. துரு உள்ளுக்குள் நொறுங்க அந்த அதிர்வு போதும்.

அறுபட்டை சாக்கெட் அல்லது ரிங் ஸ்பானர் மட்டும் போடுங்கள். ஓபன் ஸ்பானர் போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் பெரும்பாலும் இன்ச் அளவுதான். மில்லிமீட்டர் ஸ்பானர் “கிட்டத்தட்ட” பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டைக் கெடுப்பது.

கால் சுற்று திரும்பி இறுகினால் பலவந்தம் வேண்டாம். திருப்பி இறுக்குங்கள், எண்ணெய் விடுங்கள், மறுபடி கழற்றுங்கள். இதற்கும் மசியவில்லையென்றால் கேஸ் கட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு நட்டை மட்டும் சூடேற்றச் சொல்லுங்கள், ஸ்டட்டை அல்ல. எண்ணெய் பூசியிருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள்; டீசல் டியூப்பைக் கழற்றித் தள்ளிவையுங்கள்; பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். சிவந்த நட்டு கொஞ்சம் ஆறி நிறம் மாறியதும் ஒரு மெழுகுவர்த்தியை மரையில் தொடுங்கள். மெழுகு உருகி உள்ளே இழுபட்டுப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் காட்டிய வித்தை இது. அன்றைக்கு அசையவே அசையாத நட்டு, அதன்பின் சாதாரணமாகக் கழன்று வந்தது.

ஸ்டட் ஒடிந்தே விட்டது. இனி?

வெளியே துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் பிழைத்தீர்கள். பெரிய நட்டு ஒன்றை அதன்மேல் வைத்து உள்பக்கமாக வெல்டிங் பிடித்து, கொஞ்சம் ஆறியதும் திருப்புங்கள். வெல்டிங் சூடே துருவை இளக்கிவிடுவதால் பெரும்பாலும் வந்துவிடும். வண்டியிலேயே வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்ற மறக்காதீர்கள், ஆல்டர்னேட்டர் போய்விடும்.

மட்டத்தோடு ஒடிந்திருந்தால் டிரில்தான். சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் ஆரம்பித்துப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். ஆழம் முக்கியம்: அளவு தாண்டிப் போனால் ஹெட்டின் தண்ணீர் அறைக்குள் இறங்கிவிடுவீர்கள். ஒடிந்த ஸ்டட்டைத் திருகி எடுக்க ஈசி-அவுட் என்று ஒன்று விற்கிறார்கள். அது டிரில் பிட்டுக்கும் மசியாத உருக்கு. உள்ளே ஒடிந்தால் பேரில் மட்டும்தான் ஈசி. கைப்பழக்கம் இல்லாதவர்கள் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோவதே மலிவு.

பழைய பேக்கிங் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்துவிடலாமா?

காய்ந்தபடி தேய்க்காதீர்கள், காற்று அடித்தும் ஊதாதீர்கள். பழைய பேக்கிங்குகளில் கல்நார் இருந்தது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் அல்லது எண்ணெய் விட்டு நனைத்து, தட்டையான சுரண்டியால் வழித்தெடுத்து, ஒரு கவரில் கட்டிப் போடுங்கள். ஹெட் ஓட்டைகளில் துணியை அடைத்துவிட்டுச் சுரண்டுங்கள். துண்டு உள்ளே விழுந்தால் வால்வில் மாட்டும். முடித்தபின் துணியை எடுக்கவும் மறக்கக் கூடாது. (சிரிக்காதீர்கள். நடந்திருக்கிறது.)

மேனிபோல்டு வளைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

நல்ல ஸ்டீல் ஸ்கேலை முகங்களின் குறுக்கே நீளவாட்டில் வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தில் ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தகட்டை நுழைத்துப் பாருங்கள். 0.1 மில்லி வரை புதுப் பேக்கிங் சமாளித்துக்கொள்ளும். கால் மில்லித் தகடு தாராளமாக நுழைந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன்செய்ய வேண்டும். இரண்டு பேக்கிங்கை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுச் சரிக்கட்டுவது பார்க்கப் புத்திசாலித்தனமாக இருக்கும், நடுவில் ஊதிவிடும்.

சமன்செய்யும்போது எல்லா முகங்களையும் ஒரே பிடியில் ஒன்றாகச் சீவச் சொல்லுங்கள். தனித்தனியாகத் தேய்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டத்தில் நிற்கும்.

மேனிபோல்டில் விரிசல். வெல்டிங் வைக்கலாமா, புதிது வாங்கவா?

புதிது கிடைத்தால் புதிது. பழைய வண்டிக்குக் கிடைக்கவில்லை என்றால், உடைத்த வண்டியிலிருந்து எடுத்த நல்ல பழைய மேனிபோல்டு. அதுவும் இல்லையென்றால்தான் வெல்டிங்.

வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கிறது. சாதாரண ராடு போட்டு வைத்த வெல்டிங் ஆறும்போது, ஓரம் கண்ணாடி மாதிரி இறுகி, பக்கத்திலேயே புது விரிசல் விடும். செய்ய வேண்டிய விதம் இது: விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் தடுக்க வேண்டும். விரிசலை வாய்க்கால் மாதிரி குடைய வேண்டும். முழு மேனிபோல்டையும் கரி அடுப்பில் சூடேற்றிக்கொள்ள வேண்டும். நிக்கல் ராடால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வைத்து, சூடு தணியும் முன் சுத்தியலால் இலேசாகத் தட்டி, மறுபடி அடுத்த துண்டு. முடித்ததும் உமிச் சாம்பலுக்குள் புதைத்து ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும்.

எங்களுக்கு ஒரு முறை வெல்டிங் வைத்தவர் எல்லாம் சரியாகச் செய்தார். கடைசியில் “நேரமாச்சுண்ணே” என்று வாளித் தண்ணீரில் முக்கினார். “டிங்” என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான், இரண்டு துண்டு.

திரும்ப மாட்டும்போது எந்த வரிசையில் இறுக்குவது?

நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக. முதல் சுற்று விரல் இறுக்கம், இரண்டாவது பாதி, மூன்றாவது முழு இறுக்கம். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பானர்) இருந்தால் உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவு. இல்லையென்றால் குட்டை ஸ்பானரைப் போட்டு ஒரு கையால். பைப் செருகி நீட்டி இழுக்கக் கூடாது.

ஸ்டட் மரையில் செம்புக் கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை கழற்றப் போவதும் நீங்கள்தான். பித்தளை நட்டு கிடைத்தால் இன்னும் நல்லது, துருப்பிடித்து ஒட்டாது. சாதாரண ஸ்பிரிங் வாஷர் அந்தச் சூட்டில் விறைப்பை இழந்து வெறும் தகடாகிவிடும், அதை நம்பாதீர்கள்.

சைலன்சரைப் பிறகு மாட்டுங்கள். அது ஃபிளாஞ்சில் தானாக உட்கார வேண்டும். நெம்பித் தள்ளித்தான் போல்ட் நுழைகிறது என்றால் பிராக்கெட்டை மாற்றியமையுங்கள். அரை மணி நேரம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் கொடுக்கும். பாதிப் பேர் இந்த மறுநாளை விட்டுவிடுகிறார்கள்.

எம்-சீல் போட்டு அடைக்கலாமா?

அந்தச் சூட்டுக்கு முன்னால் எம்-சீலும் ஒன்றுதான், மாவும் ஒன்றுதான். சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் 300 டிகிரி வாக்கில் தாங்கும். சைலன்சர் நுனிக்கு ஆகும், மேனிபோல்டுக்கு ஆகாது. எக்ஸாஸ்டுக்கென்றே விற்கும் பேஸ்ட்டைக் குழாய் ஜாயிண்டில் போடலாம்.

சைலன்சர் குழாய் துருவேறி ஓட்டை. ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெட்டி வைத்துவிடலாமா?

வேண்டாம். ஜி.ஐ. பைப்பை வெல்டிங் வைக்கும்போது துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும்பும். சுவாசித்தவருக்குச் சாயங்காலம் குளிர்காய்ச்சல் மாதிரி தூக்கிப்போடும். 16 கேஜ், அதாவது 1.6 மில்லி கனமுள்ள எம்.எஸ். (பூச்சில்லாத சாதாரண இரும்பு) பைப் போதும். உள்விட்டம் பழைய குழாயைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் இன்ஜின் மூச்சுத் திணறும், கறுப்புப் புகை கக்கும்.

மேனிபோல்டு ஜாயிண்டில் கறுப்பு எண்ணெய் வடிகிறது. அதுவும் லீக்தானா?

லீக் இருப்பதால் வெளியே தெரிகிறது, அவ்வளவே. இன்ஜினைச் சுமையில்லாமல் மணிக்கணக்கில் ஐடிலில் விட்டால் முழுதாக எரியாத டீசலும் ஆயிலும் கலந்து புகைவழியில் சேரும். ஒரு நாள் நன்றாகச் சுமை கொடுத்து உழுதுவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் ஐடில் வியாதிதான். நிற்கவில்லையென்றால் நாசிலையும் (இன்ஜெக்டர் நுனி), பிறகு வால்வு கைடு, ரிங் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பேக்கிங் மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

லீக்கால் இழுவை குறையுமா?

டர்போ இல்லாத வண்டியில் பெரிதாகத் தெரியாது. டர்போ வண்டியில் டர்போவுக்கு முன்னால் லீக் இருந்தால் நன்றாகவே தெரியும். இழுவை குறைந்திருக்கிறது, சத்தமும் அமுங்கியிருக்கிறது என்றால் அது லீக் அல்ல, சைலன்சர் அடைப்பு.

மழைக்குச் சைலன்சர் வாயை மூட வேண்டுமா?

கட்டாயம். நேராக நிற்கும் குழாய்க்குள் இறங்கும் மழைத்தண்ணீர் மேனிபோல்டில் தேங்கி உள்ளிருந்து அரிக்கும்; வால்வு திறந்து நிற்கும் சிலிண்டருக்குள்ளும் போகும். ஐப்பசி மழையில் பத்து நாள் நின்ற வண்டியை அப்படியே ஸ்டார்ட் பண்ணிக் கனெக்டிங் ராடை வளைத்தவர்கள் உண்டு. கீல் வைத்த மூடி கடையில் கிடைக்கிறது, புகை வந்தால் தானே திறந்துகொள்ளும்.

எங்கள் அப்பா கொட்டாங்கச்சிதான் கவிழ்த்துவைப்பார். வேலையும் நடந்தது, செலவும் இல்லை. எடுக்க மறந்து ஸ்டார்ட் பண்ணினால் மட்டும் அது வெடிபோலக் கிளம்பிப் பக்கத்து வீட்டு ஓட்டில் போய் விழும். இரண்டு ஓடு மாற்றிக்கொடுத்த பிறகுதான் மூடி வாங்கினோம்.